ஞானப்பல் எடுக்கப் போறீங்களா? தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று எழுத்தில் தருகிறோம்.)



போன மாசம் ரத்தசோகை பற்றிப் பேசினோம். இந்த மாசம் பல்லைப் பற்றி என்று சொன்னதுமே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. நாங்களும் சிரித்தவர்கள்தான். அப்படிச் சிரித்து என்ன ஆச்சு என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

நம் குழு ஒன்றில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். 26 வயசு. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு பையன், ஒண்ணாவது படிக்கிறான். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைக் கட்டாயம் எல்லார்கிட்டயும் சொல்லுங்கக்கா என்று சொன்னதும் அவள்தான்.

அவளுக்கு இடது பக்கம் கீழே, கடைசிக் கடைவாயில் வலி. ஏழெட்டு மாசமாக வரும், போகும். வரும்போது மருந்துக்கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். கிராம்பை நசுக்கி வைப்பாள். ரெண்டு நாளில் அடங்கிவிடும். ஷிப்ட் போய்விடுவாள். ஒரு வாரக் கூட்டத்தில், "ஞானப்பல்லை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாருக்கா, உள்கடன் கொஞ்சம் வேணும்" என்று கேட்டாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "பல்லு புடுங்கக் கடனா? ஆட்டுக்கு மாட்டுக்குக் கேட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்று ஒரு அக்கா சொல்ல, கூட்டமே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தீர்மான நோட்டில் அவள் பெயர் ஏறவில்லை.

மூணு வாரம் கழித்து ஒரு ராத்திரி பத்து மணிக்கு அவள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்து வரை கெட்டியாக இருக்கிறது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. எச்சில் முழுங்க முடியாமல் துணியில் வடிய விடுகிறாள். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சுக் குழறுகிறது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. 108-க்குப் போன் போட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டரம்மா பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூச்சு விட முடியுதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

பல்லுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லின் வேர் இருக்கிற இடம் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் போகிற இடுக்குகளுக்கு ரொம்பப் பக்கம். பல்லில் பிடிக்கிற சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கமாக இறங்கினால், நாக்கைத் தூக்கி, தொண்டையை நெருக்கி, மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். உயிர் போகிற சங்கதி. அன்றைக்கு ராத்திரியே தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடிய விட்டார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. அப்புறம்தான் பல்லை எடுத்தார்கள். எட்டு நாள் சம்பளம் போச்சு, பையன் பாட்டி வீட்டில், வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில். முன்னாடியே போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. இன்றைக்கும் அவள் தாடைக்கு அடியில் தழும்பு இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் எங்கள் சுகாதாரக் குழு உட்கார்ந்து பேசியது. பல் டாக்டர்களைப் பார்த்துக் கேட்டோம். நம் குழுவில் கணக்கு எழுதுகிற இன்னொரு அக்காவுக்கு ஞானப்பல் எடுக்க அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்களில் ரெண்டு பேர் துணைக்குப் போய், என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வந்தோம். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

ஞானப்பல் என்பது வேறொன்றும் இல்லை. கடைவாய்ப் பற்களில் கடைசியாக முளைப்பது. மற்ற பல்லெல்லாம் பன்னிரண்டு, பதிமூணு வயசுக்குள் வந்துவிடும். இது 17 வயசிலிருந்து 25 வயசுக்குள் மெதுவாக வரும். புத்தி வருகிற வயசில் வருவதால் அந்தப் பெயர். எடுத்தால் புத்தி போய்விடாது! மேலே ரெண்டு, கீழே ரெண்டு என்று நாலு. சிலருக்கு ஒன்றிரண்டுதான் வரும், சிலருக்கு வரவே வராது. அதுவும் குறையில்லை.

தாடையில் இடம் இருந்தால் நேராக முளைத்து மற்ற பல் மாதிரி வேலை செய்யும். இடம் இல்லாவிட்டால்தான் தொல்லை. பஸ்ஸில் கடைசி ஸீட்டில் நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஐந்தாவது ஆள் சாய்ந்து நுழைகிற மாதிரி, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு சாய்வாக நிற்கும். பாதி வெளியே, பாதி ஈறுக்குள். மேலே மூடியிருக்கிற ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கை போய் உட்காரும். பிரஷ் அங்கே போகாது. அது அழுகி, ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் வலிக்கும். ரெண்டு நாளில் அடங்கும், அடுத்த மாசம் திரும்ப வரும். அந்தத் தங்கச்சிக்கு ஏழெட்டு மாசமாக நடந்தது இதுதான்.

அப்படியானால் ஞானப்பல் என்றாலே எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் சில இடங்களில் நாலையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்க வேண்டாம் என்று அரசு சுகாதாரத் துறைக்கான வழிகாட்டுதல் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப வீங்கிச் சீழ் பிடிக்கிறது, அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையாகிவிட்டது, பக்கத்துப் பல்லைக் கெடுக்கிறது, எலும்புக்குள் நீர்க்கட்டி இருக்கிறது, இப்படிக் காரணம் இருந்தால் எடுக்க வேண்டும். "எதுக்காக எடுக்கணும் சார்? எடுக்காட்டி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். பேங்க் மேனேஜர்கிட்ட வட்டிக் கணக்குக் கேட்கிற நமக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது, தாராளமாகச் செய்யலாம். கிராம்பு கொஞ்ச நேரம் வலியை மரக்க வைக்கும், அவ்வளவுதான். கிராம்புத் தைலத்தை நிறைய ஊற்றினால் ஈறு வெந்துபோகும். தலைவலி மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து அடக்கிக்கொள்வது, புகையிலை, மூக்குப்பொடி வைப்பது எல்லாம் புண்ணாக்கும். வீங்கின கன்னத்துக்குச் சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள், சீழ் வெளிப்பக்கமாக உடைத்துக்கொள்ளலாம். கண்டங்கத்தரி விதைப் புகை போட்டுப் பல் புழுவை எடுத்துக் காட்டுகிறவர்கள் சந்தையில் உட்கார்ந்திருப்பார்கள். பல்லுக்குள் நெளிகிற புழு எதுவும் கிடையாது. சொத்தை வருவது கண்ணுக்குத் தெரியாத கிருமியால். அவர்களிடம் நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டால் ஒரு குழுவின் மாதச் சந்தா தேறும்.

இன்னொன்று. வலியே இல்லாமல், மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வந்து, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது ஞானப்பல் இல்லை. பாக்கு, பொட்டலப் பாக்கு போடுகிறவர்களுக்கு வருகிற வேறு வியாதி. புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியது. உடனே காட்டுங்கள்.

போவதற்கு முன்னால்

அந்தக் கணக்கு அக்கா வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் வந்துவிட்டார். அப்புறம் பார்த்தால் உட்கார்ந்திருக்கும்போதே கண் இருட்டுகிறது என்கிறார். டாக்டர், "முதல்ல இவங்களைக் கூட்டிட்டுப் போய் நாலு இட்லி வாங்கிக் குடுங்க" என்று எங்களைத்தான் திட்டினார். மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு எடுப்பதாக இருந்தால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாகச் சொன்னால் மட்டும் சாப்பிடக்கூடாது. எத்தனை மணி முதல் சாப்பிடக்கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். இரண்டில் எது என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகர், பிரஷர், இதய வியாதி, ஆஸ்துமா, வலிப்பு, மஞ்சள் காமாலை வந்தது, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்தது, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனது எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் இல்லை. பிரஷர் மாத்திரையை அன்றைக்கும் வழக்கம்போலப் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்கள் முடிவு செய்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அதில் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

நம் பெண்கள் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்கள் சில உண்டு. மாசம் தள்ளிப்போயிருந்தால் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது சீழ் பிடித்தால் பிரசவம் வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவசியமான பல் வைத்தியத்துக்கு நாலாம் மாசம் முதல் ஆறாம் மாசம் வரை வசதியான காலம். பால் கொடுக்கிற தாய்மார்கள் மரத்துப்போகிற ஊசிக்காகப் பாலை நிறுத்த வேண்டாம். மாத்திரை எழுதும்போது மட்டும் பால் கொடுப்பதைச் சொன்னால் அதற்குத் தகுந்ததாக எழுதுவார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிட வேண்டும். பல் எடுத்த குழி காய்ந்துபோய் வலிக்கிற தொல்லை அவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. வீட்டுக்கு விலக்கான நாளில் எடுக்கலாமா என்று மூணு பேர் எங்களிடம் ரகசியமாகக் கேட்டார்கள். அது தடையே இல்லை.

எக்ஸ்ரே எடுப்பார்கள். தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று உண்டு, ஓ.பி.ஜி. என்பார்கள். வலி கிடையாது. கீழ்த்தாடை எலும்புக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிறது. பல்லின் வேர் அதற்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்கத்தான் இந்தப் படம். ரொம்பப் பக்கமாக இருந்தால் எடுத்த பிறகு கீழுதடு, மோவாய், சில சமயம் நாக்கு மரத்தே இருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாசங்களில் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், படித்துப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள். கைநாட்டாக இருந்த நாம் குழுவுக்கு வந்துதானே கையெழுத்துக் கற்றுக்கொண்டோம்!

நாற்காலியில் என்ன நடக்கும்

ஊசி போடும்போது சுருக்கென்று வலிக்கும். இதுதான் பெரிய வலி. கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கில் பாதியும் தடித்த மாதிரி ஆகிவிடும். நெஞ்சு கொஞ்சம் படபடக்கலாம், ஊசி மருந்தோடு கலந்திருக்கும் மருந்தால் அப்படி வரும், அடங்கிவிடும். அப்புறம் வலி தெரியாது. ஆனால் அழுத்துவது தெரியும், ஆட்டுவது தெரியும். "வலி இல்ல, ஆனா தாடையைக் கழட்டுற மாதிரி இருந்துச்சு" என்றார் அந்த அக்கா. அழுத்தம் வேறு, வலி வேறு. உண்மையாகவே வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் ஊசி போடுவார்கள். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை.

மேல் ஞானப்பல் நேராக இருந்தால் அஞ்சு, பத்து நிமிஷத்தில் வந்துவிடும். கீழே சாய்ந்து புதைந்திருப்பதற்குத்தான் ஈறைக் கீறி, மூடியிருக்கிற எலும்பைக் கொஞ்சம் எடுத்து, பல்லை ரெண்டு மூணு துண்டாக வெட்டி எடுப்பார்கள். மிஷின் சத்தம் மண்டைக்குள் கேட்கும். தண்ணீர் பீய்ச்சும், உறிஞ்சும். பல்லையா உடைக்கிறாங்க என்று பயப்படாதீர்கள், உடைத்து எடுப்பதுதான் முறை. அப்போதுதான் எலும்பை அதிகம் வெட்ட வேண்டியிருக்காது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். கடைசியில் ரெண்டு மூணு தையல், அதன் மேல் பஞ்சுத்துணி. கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

அடுத்து வரும் நாட்கள்

இங்கேதான் நாம் தப்புச் செய்கிறோம். டாக்டர் வேலை முடிந்துவிட்டது, நம் வேலை இனிமேல்தான்.

பஞ்சை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து ரத்தம் நின்றதா என்று பார்க்கக்கூடாது. துப்பக்கூடாது, எச்சிலை முழுங்குங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கக்கூடாது. ஏன் என்றால், பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி உட்காரும். கெட்டித் தயிர் உறைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையும்போது பாத்திரத்தை ஆட்டினால் என்ன ஆகும்? துப்புவது, கொப்பளிப்பது, உறிஞ்சுவது எல்லாம் அந்த மூடியைப் பெயர்த்துவிடும். இளநீர் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். எச்சிலோடு கலந்து வருகிற ரத்தம் நிறைய மாதிரித் தெரியும். ராத்திரி தலையணையில் ரெண்டொரு கறை படலாம், பழைய துண்டு விரித்துப் படுங்கள், தலை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டே இருந்தால் புதுப் பஞ்சை மடித்து இன்னும் அரை மணி கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரப்பு மூணு நாலு மணி நேரம் இருக்கும். அது போவதற்கு முன்னாலேயே ஆறின கஞ்சியோ பாலோ குடித்துவிட்டு முதல் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். மரத்திருக்கும்போது மென்று சாப்பிட்டால் உதட்டையும் நாக்கையும் கடித்துவிடுவோம். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிஷம் வைத்து, பத்து நிமிஷம் எடுத்து, முதல் நாள் செய்யலாம். சாப்பாட்டுக்கு ஆறின ராகிக்கூழ், குழைய வடித்துப் பிசைந்த தயிர்சாதம், மோர். ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடலாம் என்றதும் அந்த அக்காவுக்கு முகம் மலர்ந்தது! சூடான ரசம், காரம், முறுக்கு, மிக்சர் ஒரு வாரத்துக்கு வேண்டாம். வெற்றிலை பாக்கு, புகையிலை தொடவே கூடாது.

24 மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தரமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கொட்டுங்கள். மற்ற பல்லை வழக்கம்போல விளக்க வேண்டும்.

வீக்கம் மறுநாள் அதிகமாகும். ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் உச்சம். இதைத் தெரியாமல்தான் பலர் "டாக்டர் கெடுத்துட்டார்" என்று பயந்துபோகிறார்கள். வாய் முழுசாகத் திறக்காது, தாடையில் கன்னிப்போய் நீலம் பாயலாம். மூணு நாளுக்குப் பிறகு குறைய ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் சரியாகும். அதனால் கல்யாண வீட்டுக்கு முந்தின வாரம் தேதி வாங்காதீர்கள். ரெண்டு மூணு நாள் குடம் தூக்குவது, குனிந்து நடவு, மூட்டை தூக்குவது கூடாது. வீட்டில் உள்ளவர்கள் காதில் இது விழட்டும். பல் எடுத்த அன்று சாயந்திரமே மாவாட்டி இட்லிக்கு ஊற்றி வைத்த உறுப்பினர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். ராத்திரி முழுக்க அவருக்கு ரத்தம் நிற்கவில்லை.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி மூணாம் நாள் வாக்கில் திடீரென்று கூடி, காது வரைக்கும் இழுத்து, வாயில் கெட்ட வாடை அடித்தால் அந்த ரத்த மூடி பெயர்ந்து எலும்பு தெரிகிறது என்று அர்த்தம். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் தாங்க முடியாது. எடுத்த இடத்துக்கே போங்கள், கழுவி மருந்து வைத்தால் சீக்கிரமே அடங்கும். மாத்திரையை மட்டும் கூட்டிப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம்.

காய்ச்சல், மூணு நாள் தாண்டியும் கூடுகிற வீக்கம், சீழ் என்றால் அன்றைக்கே போக வேண்டும். முழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பல் எடுத்தவர்களுக்கு மட்டும் இல்லை, எடுக்காமல் வலியோடு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

செலவு விஷயம். தனியார் கிளினிக்கில் இடத்துக்கு இடம், பல் இருக்கிற விதத்துக்கு ஏற்ப மாறும். எக்ஸ்ரே, மாத்திரை, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்னாடியே கேளுங்கள். அரசு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. சிக்கலான பல் என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒன்று, 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வரிசையில் நிற்க வேண்டும், ரெண்டு மூணு நடை ஆகும். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் மீட்டர் வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் இப்போது தீர்மானம் போட்டிருக்கிறோம். டாக்டர் சீட்டோடு யார் வந்தாலும், பல்லோ கண்ணோ, உள்கடனில் அதற்குத்தான் முதலிடம். காரணம் கேட்டுக் கேலி பேசக்கூடாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும். அந்தத் தங்கச்சிக்கு வலது பக்கப் பல்லும் ஒரு தரம் வீங்கிவிட்டது. இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. தேதி வாங்கி, கம்பெனியில் மூணு நாள் லீவும் சொல்லிவிட்டாள். துணைக்கு யார் என்று கேட்டபோது, ஆட்டுக்கு மாட்டுக்கு என்று சொன்ன அதே அக்காதான் முதலில் கை தூக்கினார்.

கூட்டத்தில் வந்த கேள்விகள் இரண்டை மட்டும் இங்கே தருகிறோம்.

"மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்களே?" போகாது. கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. நாற்பது வயசுக்கு மேல் வெள்ளெழுத்து வரும். அதே வயசில் பல்லும் ஒவ்வொன்றாகப் போகும். ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மாமியாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

"தையல் பிரிக்க வலிக்குமா? அந்தக் குழி எப்போ மூடும்?" சிலருக்குத் தானாகக் கரைகிற நூலால் தைப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் கழித்துப் பிரிப்பார்கள், ஊசி வேண்டாம், லேசாக இழுக்கிற மாதிரி இருக்கும். ஈறு சில வாரங்களில் மூடிவிடும், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாசம் ஆகும். அதுவரை சோற்றுப் பருக்கை போய் உட்காரத்தான் செய்யும். குச்சி, ஊக்கு விட்டு நோண்டாமல் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வந்துவிடும்.